ஓநாயை ஒளிக்காதீர்!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

"கதை சொல்லுங்க பாட்டி!" என்ற குரல் கேளாத திண்ணை ஒரு காலத்தில் தமிழகத்தில் இல்லை. இன்று திண்ணைகள் குறைந்துவிட்டன. பாட்டிமார் இருக்கின்றனர், ஆனால் அவர்கள் கதைக்குக் காது கொடுக்கும் பொழுது குறைந்துவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்திருப்பவை இரண்டு. ஒன்று கைப்பேசித் திரை. மற்றொன்று படக்கதைப் புத்தகம். முதலாவதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பட்டிமன்றம் தொடங்கிப் பெற்றோர் கூட்டம் வரை அதே பேச்சுத்தான். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பத்துப் பன்னிரண்டு பக்கம், பெரிய எழுத்து, வண்ணப் படம். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். நிறைய இருக்கிறது என்பதே என் துணிபு.

ஒரு சிறுமியின் கேள்வி

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் சென்ற ஆண்டு ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். மரக்கன்று நடுவதும் வாய்க்கால் தூர் வாருவதும் காலைப் பணி. மாலையில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பேருந்து நிலையத்துக் கடை ஒன்றில் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிப் போயிருந்தேன். சிவப்புத் தொப்பி அணிந்த சிறுமி, காட்டு வழியே பாட்டி வீட்டுக்குச் செல்லும் கதை. உலகறிந்த கதைதான். எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அதில் எங்கும் காணப்படவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஓநாய் எவரையும் விழுங்கவில்லை. பசியோடு பாட்டி வீட்டுக்கு வருகிறது. சிறுமி கொண்டுவந்த தின்பண்டத்தை மூவரும் பகிர்ந்து உண்கின்றனர். எல்லோரும் இன்பமாக வாழ்கின்றனர். ஆனால் படங்கள் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டவை போலும்! ஒரு படத்தில் பாட்டி பீரோவுக்குள் ஒடுங்கிக் கதவிடுக்கின் வழியே பார்க்கிறார். கட்டிலில் பாட்டியின் குல்லாயை அணிந்துகொண்டு ஓநாய் படுத்திருக்கிறது.

முன்வரிசையில் இருந்த நான்கு வயதுச் சிறுமி அந்தப் படத்தில் விரல் வைத்தாள். "அண்ணா, பாட்டி ஏன் பீரோக்குள்ள ஒளிஞ்சிருக்காங்க?"

"விளையாடுறாங்க" என்றேன்.

"இல்லண்ணா, பயந்துபோய் இருக்காங்க."

நான் பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினேன். அவள் விடவில்லை, என் கையை விலக்கி அதே பக்கத்துக்கு மீண்டும் வந்தாள். எழுத்தறியாத அந்தக் குழந்தை, அச்சிட்ட எழுத்து பொய் சொல்கிறது என்பதைப் படத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் நான் அந்தப் பொய்க்குத் துணை நின்றேன். அன்றிரவு முகாமில் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் அதே புத்தகத்தைக் கொண்டு சென்றேன். எழுத்தைக் கைவிட்டுப் படங்களைக் காட்டிக் கதையை முழுமையாகச் சொன்னேன். ஓநாய் வந்தது, விழுங்கியது, பாட்டி பீரோவில் ஒளிந்தார், வேட்டைக்காரன் வந்தான், சிறுமி மீண்டாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டனர். முந்தைய நாள் கேள்வி கேட்ட சிறுமி, ஓநாய் கட்டிலில் கிடக்கும் படம் வந்ததும் தன் உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்தினாள். சற்றுப் பொறுத்துக் கையை எடுத்துப் பார்த்தாள். மீண்டும் பொத்தினாள். கதை முடிந்ததும், "இன்னொரு வாட்டி" என்றாள். முந்தைய நாள் அந்தச் சொல்லை ஒரு குழந்தையும் சொல்லவில்லை.

இக்கட்டுரை அந்த உள்ளங்கையிலிருந்து பிறந்தது.

கதை நடந்து வந்த பாதை

பழங்கதையை மாற்றிச் சொல்வதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. மாறாத பழங்கதை உலகில் இல்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1697-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஷார்ல் பெரோ அதை அச்சேற்றியபோது, சிறுமியை ஓநாய் தின்றுவிடுவதோடு கதை முடிந்தது. காப்பாற்ற எவரும் வரவில்லை. இனிய பேச்சுப் பேசி வரும் ஓநாய்களிடம் இளம்பெண்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்ற நீதிப் பாடலை இறுதியில் சேர்த்தார் பெரோ.

1812-இல் ஜெர்மானிய நாட்டின் கிரிம் சகோதரர்களான யாகோபும் வில்ஹெல்மும் தம் தொகுப்பில் இதே கதையைச் சேர்த்தனர். அங்கே வேட்டைக்காரன் வருகிறான்; கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றைக் கிழிக்கிறான்; சிறுமியும் பாட்டியும் உயிரோடு வெளிவருகின்றனர். ஓநாயின் வயிற்றில் கற்களை நிரப்ப, அது வீழ்ந்து மடிகிறது. நாம் அறிந்த கதை இதுவே.

ஆனால் கிரிம் சகோதரர்களின் கதை அத்துடன் நின்றுவிடவில்லை. பெரும்பாலான படக்கதைப் புத்தகங்கள் விட்டுவிடும் இன்னொரு பகுதி உண்டு. மற்றொரு நாள் மற்றோர் ஓநாய் வழியில் குறுக்கிடுகிறது. இம்முறை சிறுமி பாதையை விட்டு விலகவில்லை. நேரே பாட்டியிடம் சென்று செய்தி சொல்கிறாள். இருவரும் கதவைத் தாழிடுகின்றனர். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. இறைச்சி வேகவைத்த நீரை வீட்டு முன்னிருந்த பெரிய தொட்டியில் ஊற்றுமாறு சிறுமியிடம் பாட்டி சொல்கிறார். மணம் மேலே ஏறுகிறது. மோப்பம் பிடித்துக் கழுத்தை நீட்டிய ஓநாய் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்து மூழ்கிப்போகிறது. இங்கே வேட்டைக்காரன் வரவில்லை. ஆண்துணை எதுவும் இல்லை. ஒரு கிழவியும் ஒரு சிறுமியும் தம் அறிவால் தம்மைக் காத்துக்கொண்டனர்.

இதனை நாம் கருதிப் பார்க்கவேண்டும். முதல் ஓநாய் இல்லையேல் இரண்டாம் ஓநாயை வெல்லும் அறிவு சிறுமிக்கு எங்கிருந்து வரும்? ஓநாயை நல்லவனாக்கிவிட்டால் சிறுமியைப் பேதையாகவே நிறுத்திவிடுகிறோம் அன்றோ!

நம் வீட்டு வடைக் கதையும் இதற்குச் சான்று பகரும். பாட்டி சுட்ட வடையைக் காகம் கவ்விச் செல்ல, நரி ஏமாற்றிப் பறிப்பது ஒரு வழக்கு. காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாட, நரி ஏமாந்து போவது பின்னர் எழுந்த வழக்கு. இரண்டையும் நம் பிள்ளைகள் அறிவர். பின்னதைப் படைத்தவர் எவரோ, அவர் நரியைச் சாதுவாக்கவில்லை. நரி நரியாகவே இருக்கிறது, காகம் தேர்ந்துவிட்டது. நல்ல மறுகூறல் என்பது இதுதான். ஆபத்தை அகற்றாமல், அதனை எதிர்கொள்ளும் வழியைக் காட்டுவது.

மென்மையாக்கியதால் வந்த வினை

"சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கொடுமையை ஏன் காட்டவேண்டும்? சற்றே மென்மையாக்கினால் என்ன?" என்று பலர் கேட்பர். நல்லெண்ணத்தில் பிறந்த கேள்விதான். ஆனால் மென்மையாக்குவதும் சில வேளைகளில் ஒருவரைக் காயப்படுத்திவிடும். அதற்குக் கிரிம் சகோதரர்களே எடுத்துக்காட்டு.

வெண்பனி இளவரசியின் கதையில், 1812-ஆம் ஆண்டு முதற்பதிப்பின்படி, மகளைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். ஹான்சல், கிரேட்டல் என்னும் அண்ணன் தங்கை கதையிலும் பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் தூண்டுபவள் முதலில் தாயாக இருந்து, 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாயாக மாறினாள். தாய்மையின் பெருமைக்கு ஊறு நேரக்கூடாது என்னும் கருத்து இம்மாற்றங்களில் தெரிகிறது. விளைவு என்ன? தாயின் பழி சிற்றன்னையின் தலையில் ஏறியது. அந்தப் புத்தகம் படிக்கப்படும் வகுப்பில் சிற்றன்னையால் அன்போடு வளர்க்கப்படும் குழந்தை ஒன்று இருந்தால் அதன் மனம் என்ன பாடுபடும்? அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்? இருநூறு ஆண்டுகளாகத் தொடரும் பழி இது. கதையிலிருந்து நாம் அறுத்தெடுப்பது எங்கோ ஓரிடத்தில் சென்று ஒட்டிக்கொள்கிறது என்பதை மறக்கலாகாது.

பிரசாரத்தால் கதையை மூடுவது மற்றொரு வகை. இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஜார்ஜ் குருக்ஷாங்க் பெரும் திறமைசாலி. கிரிம் கதைகள் 1823-இல் ஆங்கிலத்தில் வந்தபோது அவர் வரைந்த படங்கள் அக்கதைகளுக்குப் புகழ் தேடித் தந்தன. டிக்கன்ஸின் 'ஆலிவர் டுவிஸ்ட்' புதினத்துக்குப் படம் வரைந்தவரும் அவரே. பிற்காலத்தில் மதுவிலக்குத் தொண்டில் ஈடுபட்ட அவர், 1853 முதல் தேவதைக் கதைகளைத் தாமே திருத்தி எழுதிப் படங்களுடன் வெளியிடலானார். சிண்டரெல்லாவின் திருமணத்தில் மது வழங்கலாகாது என்று தேவதை நீண்ட சொற்பொழிவு ஆற்றும் அளவுக்கு அது சென்றது! அவர் இந்தப் பணியைத் தொடங்கிய 1853-ஆம் ஆண்டிலேயே, பழைய நண்பரான டிக்கன்ஸ் தம் இதழில் கட்டுரை தீட்டிக் கண்டித்தார். தேவதைக் கதைகளை அவரவர் கொள்கைக்கேற்ப வளைப்பது மோசடி என்பது அவர் வாதம்.

மது தீது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. குடியால் நலிந்த குடும்பங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வருவோர் உளர். அவர்களுக்கு எவரும் சொற்பொழிவாற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் அடுப்படிச் சாம்பலில் அமர்ந்து அழும் பெண்ணின் கண்ணீரைப் பார்க்க வந்த குழந்தைக்குச் சொற்பொழிவைக் கொடுப்பது, பசித்தவனுக்குப் பாகசாத்திரம் படித்துக் காட்டுவதாகும்.

படம் சொல்லும் பாதி

சிறுவர் புத்தகத்தில் படம் என்பது அலங்காரம் என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். அது பெரும் பிழை. எழுத்தறியாத குழந்தைக்குப் படமே எழுத்து. 1658-இல் கொமீனியஸ் என்னும் கல்வியாளர் நியூரம்பர்க் நகரில் படங்களாலான பாடநூல் ஒன்றை இலத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளில் வெளியிட்டார். காணும் பொருளோடு சொல்லைப் பிணைத்தால் பிள்ளை விரும்பிக் கற்கும் என்பது அவர் கண்ட உண்மை. இன்றைய அரிச்சுவடியில் 'அ' எழுத்தின் அருகே அணில் அமர்ந்திருப்பதும் அதே நெறியில்தான்.

கதைகளுக்குள்ளும் படத்தின் ஆற்றல் பெரிது. கிரிம் சகோதரர்களின் முதற்பதிப்பில் படமே கிடையாது. ஆய்வுக் குறிப்புகள்தாம் இருந்தன. அறிஞர்க்கென அமைந்த நூல் அது. குருக்ஷாங்கின் படங்களோடு வந்த ஆங்கிலப் பதிப்பின் வெற்றியைக் கண்ட பின்னரே, 1825-இல் ஐம்பது கதைகளைத் தெரிந்தெடுத்து, தம் இளவல் லூத்விக் எமில் வரைந்த 7 படங்களுடன் ஒரு சிறு பதிப்பை வெளியிட்டனர். அதுவே குழந்தைகளின் கைக்குச் சென்றது.

எழுத்து சொல்லாததைப் படம் சொல்லலாம் என்று காட்டியவர் ராண்டால்ஃப் கால்டிகாட். 1878 முதல் 1886-இல் மறையும் வரை அவர் இங்கிலாந்தில் படைத்த சிறு படநூல்கள் இன்றும் ஓவியர்களுக்குப் பாடம். அமெரிக்காவில் 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படநூலின் ஓவியருக்கு வழங்கப்படும் பதக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தட்டும் கரண்டியும் ஓடிப்போவதாக முடியும் ஒரு வேடிக்கைப் பாட்டுக்கு அவர் படம் வரைந்தார். பாட்டு அங்கே முடிந்துவிடுகிறது, படம் முடியவில்லை. அடுத்த படத்தில் தட்டு உடைந்து கிடக்கிறது. கரண்டியைக் கத்தியும் முட்கரண்டியும் இழுத்துச் செல்கின்றன. துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழந்தையின் கண் தானே கண்டுகொள்ளும் என்று கால்டிகாட் நம்பினார். அந்த நம்பிக்கைதான் மரியாதை.

பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் அம்மையார் பீட்டர் என்னும் முயற்குட்டியின் கதையை எழுதி, படமும் தாமே வரைந்தார். பதிப்பாளர்கள் மறுக்கவே 1901-இல் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். 1902-இல் வண்ணப் பதிப்பு வெளிவந்தது. சிறு கைக்குள் அடங்கும் சிறிய அளவில் புத்தகம் இருக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்தக் கதையின் தொடக்கத்திலேயே தாய் முயல் தன் குட்டிகளிடம், உங்கள் அப்பா அந்தத் தோட்டத்தில் அகப்பட்டுத் தோட்டக்காரர் வீட்டு உணவாகிவிட்டார் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் பீட்டர் தோட்டத்துள் நுழையும்போது கேட்கும் குழந்தைக்கு நெஞ்சு படபடக்கிறது. அவன் வீடு திரும்பும்போது மனம் குளிர்கிறது.

அச்சமும் அரவணைப்பும்

எல்லா அச்சத்தையும் எல்லாக் குழந்தைக்கும் கொட்டிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயதறிந்து, குழந்தையின் முகமறிந்து சொல்லவேண்டும். அழகென்றால் வெள்ளைத் தோல் என்றும், பெண்ணென்றால் மாளிகைக்குக் காத்திருப்பவள் என்றும் காட்டும் பகுதிகளைத் துணிந்து மாற்றத்தான் வேண்டும். பொன்னிறக் கூந்தல் இளவரசியை மட்டுமே புத்தகத்தில் பார்த்து வளரும் நம் கறுத்த பிள்ளை, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நாணக்கூடாது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. நாம் நீக்குவது பொய்யையா, உண்மையையா?

ஓநாய் உண்மை. குழந்தை அதனை வேறு பெயர்களில் அறியும். இரவில் குரைக்கும் தெருநாய், குடித்துவிட்டுக் கதவை உதைக்கும் ஆள், வேலைக்குச் சென்ற அம்மா திரும்பி வராமல் இருட்டிவிடும் மாலை — இவையெல்லாம் நான்கு வயதில் தெரியும். தன் அச்சத்துக்கு ஓர் உருவம் கொடுத்து, அதைத் தாள்மேல் கிடத்தி, வேண்டும்போது பார்த்து, வேண்டாதபோது மூடிவைக்கும் உரிமையைப் படக்கதைப் புத்தகம் தருகிறது. திரையில் ஓடும் படம் குழந்தைக்காக நிற்காது. புத்தகத்தின் பக்கம் நிற்கும். உள்ளங்கையால் பொத்தவும் விடும். அருகில் அமர்ந்து படித்துக்காட்டும் பெரியவரின் குரலும் மடியும் அந்த அச்சத்துக்குக் கரை கட்டுகின்றன.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பஞ்சத்தால் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் வீழ்ந்த நல்லதங்காள் கதையைக் கேட்டு அழாத சிற்றூர் உண்டா? தாய்மாரின் மடியிலிருந்து பிள்ளைகளும் அதனைக் கேட்டனர். அந்தக் கண்ணீரால் அவர்கள் கெட்டுவிடவில்லை. பிறர் பசியறியும் பெரியவர்களாக வளர்ந்தனர்.

நாம் செய்ய வேண்டுவன

நம் நாட்டில் நல்ல படநூல்களுக்கு முயற்சிகள் இல்லாமலில்லை. ஓவியர் சங்கர் 1957-இல் தில்லியில் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், தேசிய புத்தக நிறுவனத்தின் நேரு பால் புஸ்தகாலயா வரிசையும் முன்னோடிகள். சோவியத் நாடு 1991-இல் சிதறும் வரை, அங்கே தமிழில் அச்சான வண்ணப் படநூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே மலிவு விலையில் நம் ஊர்களுக்கு வந்தன. சென்னையில் 1996-இல் தோன்றிய தூலிகா பதிப்பகம் நம் மண்ணின் முகங்களைப் படமாக்குகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். அரசுப் பள்ளிகளுக்கென 2023-இல் தொடங்கப்பெற்ற வாசிப்பு இயக்கம், சிறு சிறு கதைப் புத்தகங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

ஆயினும் பேருந்து நிலையத்துக் கடையிலும் திருவிழாக் கடையிலும் ஏழைத் தாயின் கைக்கு எளிதில் எட்டுவது, பெயரற்றவர் எழுதிப் பெயரற்றவர் வரைந்த புத்தகமே. மலிவாக இருப்பது குற்றமன்று; பாட்டரின் முயலும் எளிய விலையில்தான் விற்றது. பொறுப்பின்றி இருப்பதே குற்றம். ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, பதிப்பாளர்களுக்கு. எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அச்சிடுங்கள். பெயர் போட்டால் பொறுப்பு வரும். எழுத்தும் படமும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று அச்சுக்கு முன் ஒரு குழந்தையிடம் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, எழுத்தாளர்களுக்கு. சுருக்கத்தைச் சுருக்கி எழுதாமல், முழுக்கதையைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். இரண்டாம் ஓநாய் போல எத்தனை புதையல்கள் அங்கே கிடக்கின்றனவோ! வாய்விட்டுப் படிக்கும்போது நாக்குத் தடுக்காத தமிழில் எழுதுங்கள்.

மூன்றாவது, நமக்கு. நம்முள் பலர் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். நம் வீட்டில் நமக்குப் படித்துக்காட்ட எவரும் இல்லை. எழுத்தறிந்த கை இல்லாததால் நேர்ந்த குறை அது, அன்பில்லாமல் அன்று. அந்தக் கை இப்போது நமக்கு வாய்த்திருக்கிறது. நாளை நாம் ஆசிரியராவோம், அங்கன்வாடிப் பணியாளராவோம், தாய் தந்தையராவோம். நம் கல்லூரி நூலகத்தில் படநூல்களுக்கென ஒரே ஓர் அடுக்கை ஒதுக்குமாறு கேட்போம். முகாமுக்குச் செல்லும்போது மண்வெட்டியோடு அதிலிருந்து நான்கு புத்தகங்களையும் எடுத்துச் செல்வோம். போகுமுன் ஒருமுறை முழுதும் படித்துப் பார்ப்போம்; எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் ஒரு கடன்பட்டிருக்கிறேன். முகாமின் கடைசி நாளில், "அந்த ஓநாய் திரும்ப வந்தா?" என்று கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இரண்டாம் ஓநாயின் கதையை அதன் பின்னரே தேடிப் படித்தேன். இவ்வாண்டு முகாம் எந்த ஊரில் நடந்தாலும் சரி, ஒரு நாள் மாலை அந்த அங்கன்வாடிக்குச் சென்று, தொட்டியில் விழுந்த ஓநாயின் கதையை அவளுக்குச் சொல்லப்போகிறேன்.